சாவியைத் திருப்பும் முன்: வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் சைக்கிளுக்கு மின் வைத்தியம்

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கிவிட்டால், செப்டம்பர் கடைசி வரை நம்மவர் வீட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு கண்டம் இருக்கிறது. சயான், குர்லா, கிங்ஸ் சர்க்கிள், இந்துமாதா, செம்பூர் என்று நம் மக்கள் அதிகம் குடியிருக்கும் பகுதிகளிலும் அவர்கள் வேலைக்குப் போகும் வழிகளிலும் தண்ணீர் தேங்காத ஆண்டு அபூர்வம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அதே பொழுதில் கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லி மீட்டர்தான். ஒரே ஊரில் ஒரு கோடியில் தூறல், மறுகோடியில் பிரளயம். நம் வீட்டு வாசலில் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிள் சௌகரியத்துக்கான வாகனம் மட்டுமல்ல. பார்சல் கொண்டு கொடுக்கும் பிள்ளைகளுக்கும், இட்லிக் கடைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும், இரவு ஷிப்டு முடிந்து கடைசி லோக்கலைத் தவறவிடுகிறவர்களுக்கும் அதுதான் சம்பாத்தியம். அது நான்கு நாள் நின்றால் வீட்டு வாடகை நிற்கும். ஆகையால், தண்ணீரில் மூழ்கிய வண்டியின் மின் பாகங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று எளிய தமிழில் எழுதித் தரும்படி சங்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் டிப்ளமா படித்து ரயில்வே மின் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோட்டார் சைக்கிள் என் தொழில் அல்ல. ஆனால் ரயிலானாலும் பைக்கானாலும் செம்புக் கம்பிக்கும் தண்ணீருக்கும் உள்ள பகை ஒன்றுதான்.

ரயில்வே கற்றுக் கொடுத்த வரிசை

மின்ரயிலை இழுக்கும் டிராக்‌ஷன் மோட்டாருக்குள் வெள்ள நீர் புகுந்துவிட்டால், அதை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. கழற்றிப் பணிமனைக்குக் கொண்டுபோய், சேறும் உப்பும் போகக் கழுவி, சூடான அறையில் காயவைத்து, மெகர் என்னும் கருவியால் கம்பிச் சுருளுக்கும் இரும்பு உடம்புக்கும் இடையே உள்ள காப்புத் தடையை அளப்பார்கள். அளவு சரியாக வந்தால்தான் மின்சாரம். வராவிட்டால் மீண்டும் காயவைப்பார்கள்.

வரிசை இதுதான்: மின்சாரத்தைத் துண்டி; கழுவு; காயவை; அளந்து பார்; அதன் பிறகே மின்சாரம் கொடு. மோட்டார் சைக்கிளுக்கும் இதே வரிசைதான். நம்மவர்கள் பெரும்பாலும் ஐந்தாவதை முதலில் செய்கிறார்கள். தண்ணீர் வடிந்த மறுநிமிடமே சாவியைத் திருப்பி, செல்ப் பட்டனை அழுத்தி, "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்கிறார்கள். நனைந்த வண்டிகளில் பல தண்ணீரால் கெட்டதைவிட அந்த ஒரு திருப்பலால் கெட்டதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

தண்ணீர் என்ன செய்கிறது?

சுத்தமான வடிநீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும். வெள்ள நீர் அப்படிப்பட்டதல்ல. அதில் சாக்கடையும் சேறும் உண்டு. ஏற்ற நேரமானால் கடல் உப்பும் கலந்திருக்கும். வயர்கள் ஒன்றோடொன்று சேரும் பிளாஸ்டிக் இணைப்பை மெக்கானிக்குகள் கப்ளர் என்பார்கள். அதற்குள் இரண்டு பித்தளைப் பின்கள் சில மில்லி மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒன்றில் 12 வோல்ட், மற்றொன்று எர்த். நடுவில் உப்புத் தண்ணீர். இது பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்புதான். பாசிட்டிவ் பக்கத்துப் பின் மெல்லக் கரைந்து, பச்சைக் களிம்பாக மாறிவிடும். மின்சாரம் இல்லாவிட்டாலும் உலோகம் துருப்பிடிக்கும். ஆனால் வாரக் கணக்கில் நடப்பது, மின்சாரம் இருந்தால் மணிக் கணக்கில் நடந்துவிடும்.

"சாவியை மூடித்தானே வைத்திருந்தேன்" என்று கேட்கலாம். சாவி மூடியிருந்தாலும் பாட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச் வரையிலும், ஸ்டார்ட்டர் ரிலே வரையிலும், பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் செய்யும் ரெக்டிபயர் வரையிலும் 12 வோல்ட் எப்போதும் நிற்கும். ஆகவே பாட்டரியைக் கழற்றும்வரை இந்த அரிப்பு நிற்காது.

இன்னொரு விஷயம். வயர் என்பது பல மெல்லிய இழைகளின் கட்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, வெட்டுப்பட்ட முனையிலிருந்து அந்த இழைகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வயர் புதிது. உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஆறு மாதம் கழித்து, காரணம் தெரியாமல் ஹெட்லைட் மங்குவது இதனால்தான்.

முதல் வேலை

வண்டியைத் தொடுமுன் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். சாலில் மீட்டர் பெட்டிகள் தரைத் தளத்தில்தான் இருக்கும். வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் இருந்தால், அருகே மீட்டர் பெட்டியோ தெருவிளக்குக் கம்பமோ இருந்தால், மெயினை அணைத்த பிறகே அங்கே கால் வையுங்கள். காலில் புண் இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். 2005 வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியதை மறந்துவிடக் கூடாது. கழுவும்போது கையுறை அணியுங்கள். பிறகு காய்ச்சல் கண்டால் வெள்ள நீரில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும் சேற்றுக் கோட்டோடு இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முழு இன்சூரன்ஸ் உள்ளவர்கள் உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் பார்க்கும்வரை எதையும் பிரிக்காமல் இருப்பது நல்லது. பாட்டரியை மட்டும் துண்டித்து வையுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் உள்ளவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் அந்தச் சேதத்தைக் கம்பெனி மறுக்கலாம். சாவியைத் திருப்பாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

பாட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். காரணம் எளிது. வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைக் கழற்றினால், ஸ்பேனர் சேஸிஸில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும்.

எலெக்ட்ரிக் பைக், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்து எதையும் பிரிக்க வேண்டாம். நீரில் மூழ்கிய லித்தியம் பாட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். சார்ஜரில் போடாமல், வீட்டுக்குள்ளும் மாடிப்படியின் கீழும் வைக்காமல், திறந்த வெளியில் நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆட்களைக் கூப்பிடுங்கள்.

தேவையான சாமான்கள்

லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. பழைய டூத் பிரஷ். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று, அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர். பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். தலைமுடி காயவைக்கும் டிரையர். சிலிக்கான் கிரீஸ் சிறிய டியூப். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு மீட்டர். சரியான ஆம்பியர் உள்ள மாற்றுப் பியூஸ்கள். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு வயர் வைத்துச் சால்டர் செய்தது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்; அதன் உபயோகம் பின்னால் வருகிறது.

பெட்ரோலை ஊற்றிக் கழுவுகிற வழக்கம் வேண்டாம். அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும்; தீ அபாயமும் உண்டு. ஆல்கஹாலும் தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில், பாட்டரி கழற்றிய நிலையில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் வைத்துத்தான் உபயோகிக்க வேண்டும்.

கழுவுதல்

"ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைப்பதா?" என்று இல்லத்தரசிகளே கேட்பார்கள். அழுக்குத் தண்ணீர் வெறுமனே காய்ந்தால் உப்பும் சேறும் உள்ளே தங்கிவிடும். அடுத்த நாள் ஈரக் காற்றுப் பட்டதும் அந்த உப்பு நீரை இழுத்து, மறுபடி அரிக்கத் தொடங்கும். ஆகவே நல்ல குழாய்த் தண்ணீரால், வேகம் குறைத்து, சேறு போகக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்ப்பின் வேகமான பீச்சல் வேண்டவே வேண்டாம். வெள்ளம் புகாத கப்ளருக்குள்ளும் அது தண்ணீரைப் புகுத்திவிடும்.

பிறகு சீட்டையும், பக்கக் கவர்களையும், ஹெட்லைட் குடத்தையும் கழற்றி, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டு நாக்கை அழுத்திப் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, பிறகு கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் மென்மையாகத் தேயுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் பலமுறை தேய்க்க வேண்டும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சு போய்விடும்.

வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நமக்குப் பழக்கம். அதே யோசனையில் கப்ளருக்கும் புளியோ எலுமிச்சையோ போட வேண்டாம். விளக்கை நாம் நன்றாக அலம்பித் துடைக்கிறோம். கப்ளரின் இடுக்கில் நிற்கும் புளிப்பை அலம்ப முடியாது. அது பின்னைத் தின்றுகொண்டே இருக்கும்.

காயவைத்தல்

ஜூலை மாத மும்பையில் வெயிலை நம்பிப் பயனில்லை. டேபிள் ஃபேனை வண்டியின் நடுப்பகுதிக்கு நேராக வைத்து முழுதாக ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஓடவிடுங்கள். கப்ளர்கள் பிரிந்தபடியே, வாய் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். சாவி ஸ்விட்ச், ஹாண்டில்பார் ஸ்விட்சுகள், ஸ்பீடாமீட்டர் ஆகியவற்றுக்கு டிரையர் காட்டலாம். காற்று படும் இடத்தில் கை பொறுக்க வேண்டும். கை பொறுக்காத சூட்டைப் பிளாஸ்டிக்கும் பொறுக்காது.

கழற்றக்கூடிய சிறு பாகங்களான ஃபிளாஷர், ரிலே, ஹாரன் முதலியவற்றை ஒரு பெரிய தகர டின்னில் வைத்து, மூடியைப் பாதி திறந்து, பழைய மாதிரி 40 வாட் குண்டு பல்பைப் பாகங்களின் மேல் படாமல் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் ஈரம் வெளியேறும். ஆல்கஹால் வாசனை முழுவதும் போன பிறகே இதைச் செய்ய வேண்டும்; பல்பு எரியும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

பாட்டரி கழற்றியே இருக்கட்டும். ஓம் அளவு எடுக்கும்போது வண்டியில் மின்சாரம் இருக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரீஷியன் நண்பர்கள் யாரேனும் 500 வோல்ட் மெகரை எடுத்து வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். ரயில் மோட்டாருக்கு அது மருந்து; பைக்கின் எலெக்ட்ரானிக் பெட்டிகளுக்கு அது விஷம். மல்டிமீட்டரே போதும்.

பாட்டரி: தனியாக வைத்து அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகைப் பாட்டரியில் மூச்சுத் துளை வழியே வெள்ள நீர் புகுந்திருந்தால் மாற்றிவிடுவதே உத்தமம். சீல் செய்த வகை பெரும்பாலும் தப்பிவிடும். சார்ஜ் செய்தால் மெதுவாக, அதன் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில் ஏற்றுங்கள். 5 ஆம்பியர்-அவர் பாட்டரிக்கு அரை ஆம்பியர்.

சாவி ஸ்விட்ச்: ஆன் நிலையில் தடை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆஃப் நிலையில் மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. ஆஃப் நிலையில் சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மறுபடி காயவைத்து அளக்க வேண்டும். பிரேக் ஸ்விட்ச், ஹாரன் பட்டன், செல்ப் பட்டன் எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான்.

மேக்னட் காயில்: பல வண்டிகளில் இதிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வரும். எந்த இரண்டுக்கு இடையே அளந்தாலும் சிறிய, ஒரே அளவான தடை வர வேண்டும். மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. ஆயில் இல்லாத வகை மேக்னட் என்றால் கவரைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இக்னிஷன் காயில்: முதன்மைச் சுற்றில் சில ஓம்கள் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும், பிளக் பக்கச் சுற்றில் கிலோ ஓம் கணக்கில் இருக்கும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகமே பிரமாணம். ரெசிஸ்டர் வைத்த பிளக் மூடியில் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவில் காட்டும். மூடியைத் திருகிக் கழற்றி, வயர் நுனி கறுத்திருந்தால் ஒரு சென்டி மீட்டர் வெட்டி மறுபடி திருகினால் போதும்.

ஸ்டார்ட்டர் மோட்டார்: நெடுநேரம் மூழ்கியிருந்தால் கழற்றித் திறந்து, கார்பன் பிரஷ் தூளும் சேறும் கலந்த கரிச் சேற்றை நீக்க வேண்டும். அது மின்சாரத்தைத் தவறான வழியில் கடத்தும்.

எர்த்: மிகப் பலர் விட்டுவிடுவது இதைத்தான். சேஸிஸில் போல்ட் போட்ட எர்த் வயரைக் கழற்றி, துரு நீக்கி, பளபளப்பாக்கி மாட்ட வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 35 வாட் ஹெட்லைட் பல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 4 ஓம். எர்த் இணைப்பில் துருவினால் வெறும் 1 ஓம் சேர்ந்துவிட்டால், 12 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பல்புக்குக் கிடைப்பது 9.6 வோல்ட் மாத்திரம். மழை இரவில் குழி தெரியாது. பல்பை மாற்றுகிறோம், பாட்டரியை மாற்றுகிறோம். குற்றவாளி பத்து ரூபாய் போல்ட். பின்னால் மின்சாரம் கொடுத்து ஹெட்லைட்டை எரியவிட்டபின், பாட்டரி நெகட்டிவுக்கும் ஹெட்லைட்டின் எர்த் வயருக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது.

தொடக் கூடாதவை

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீச்சுவதற்குக் கணக்குப் போடும் ஈ.சி.யூ. என்னும் பெட்டி உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் பெட்டியும் இருக்கும். இவற்றின் வெளிக் கப்ளரைப் பாட்டரி கழற்றிய நிலையில் பிரித்து, கழுவி, காயவைக்கலாம். பெட்டியைத் திறக்கக் கூடாது. கப்ளரின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகும் ஏ.பி.எஸ். விளக்கோ எஞ்சின் விளக்கோ அணையாமல் எரிந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்சாரம் கொடுத்தல்

இப்போது அந்த இண்டிகேட்டர் பல்பை எடுங்கள். பாட்டரியின் பாசிட்டிவை மாட்டுங்கள். நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் நெகட்டிவ் வயருக்கும் நடுவே பல்பைச் சேருங்கள். சாவி ஆஃபிலேயே இருக்கட்டும். எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வயர் எரியாது. ஏனென்றால் 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியருக்குக் குறைவான கரண்ட்டையே வழியவிடும். பழைய எலெக்ட்ரீஷியன்களின் சீரீஸ் விளக்குத்தான் இது. பல்பு எரிந்தால் பியூஸ்களைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது எரிகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு. எல்லாப் பியூஸும் கழற்றிய பிறகும் எரிந்தால், பாட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள தடித்த வயரையும் ஸ்டார்ட்டர் ரிலேயையும் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் அதை எடுத்துவிட்டு நெகட்டிவை நேரே மாட்டலாம். ஈ.சி.யூ. உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் சாவி ஆஃபில் மட்டும் செய்ய வேண்டும்.

எஞ்சினைச் சுற்றுமுன் மின்சாரத்தைச் சேராத மூன்று விஷயங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர். ஆயிலை மாற்றாமல் சுற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து, சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் வெளியேற்ற வேண்டும். கிக்கர் இல்லாத வண்டியை மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். தண்ணீரை அமுக்க முடியாது. செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

ஸ்டார்ட் ஆனபின் நடுத்தர வேகத்தில் பாட்டரி முனையில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பாட்டரியும் பல்புகளும் போகும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டுக்கும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் முக்கியமான கப்ளர்களைத் திறந்து பச்சை தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒரே சந்து, இரண்டு வண்டிகள்

2019 ஜூலை முதல் வாரத்து மழையில் எங்கள் பக்கத்துச் சந்தில் இரண்டு வண்டிகள் ஒரே இரவில் சீட்டு வரை மூழ்கின. இரண்டும் ஒரே மாடல் 150 சி.சி. கார்புரேட்டர் வண்டிகள். ஒன்றின் சொந்தக்காரர் அவசரத்தில் காலையிலேயே சாவியைத் திருப்பிப் பலமுறை செல்ப் அடித்துப் பார்த்திருக்கிறார். மற்றது பார்சல் வேலைக்குப் போகும் ஒரு பையனுடையது. அவன் தாயார் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இவன் வண்டியை உருட்டிக்கிட்டே வந்திருக்கான், ஒண்ணும் செய்யல, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். பாட்டரியைக் கழற்றச் சொன்னேன். பையனே உட்கார்ந்து கழுவினான். இரண்டு நாள் ஃபேன் ஓடியது. மூன்றாம் நாள் அளந்தோம். ஹாரனும் ஒரு பிரேக் ஸ்விட்சும் போயிருந்தன. ஆயில், ஏர் ஃபில்டர் உட்பட மொத்தச் செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் வண்டியில் மெயின் கப்ளரின் பின்கள் கரைந்து, சாவி ஸ்விட்ச் கருகி, சி.டி.ஐ. பெட்டியும் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த வண்டிக்கு அது தேவையாகவே இருந்தது. இரண்டையும் நனைத்தது ஒரே தண்ணீர்தான். நடுவில் நின்ற வித்தியாசம் ஒரு சாவித் திருப்பல். பையன் நான்காம் நாள் வேலைக்குப் போனான்.

மழைக்கு முன்பே செய்யக் கூடியது

மே மாதக் கடைசி ஞாயிறு ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். கப்ளர்களைத் திறந்து சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பாட்டரி முனைகளுக்கு வாசலின் போதும். துணிக் கட்டுப்போல இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய இணைப்புகளைப் பிரித்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். டேப்பின் பசை மழையில் ஊறித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டரி நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரோ ஸ்குரூ டிரைவரோ வண்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர் ஏறத் தொடங்கிய இரவில் நெகட்டிவ் வயரைக் கழற்ற இரண்டு நிமிஷம்தான் ஆகும். வீட்டில் பெண் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக் கொடுங்கள். வண்டி மூழ்கும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கட்டுரையில் சொன்ன அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மல்டிமீட்டர் பிடிக்கப் பழக விரும்பும் இளைஞர்கள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது பழைய கப்ளரோ ஸ்விட்சோ ஒன்றைக் கையோடு கொண்டு வரலாம். உட்கார்ந்து அளந்து பார்ப்போம்.